துப்பாக்கிக்கு முன் பட்டியைப் பாருங்கள்



அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில், நாம் அறிந்த சில குடும்பங்களிடம் ஒரு நல்ல விருப்பம் தலையெடுத்திருக்கிறது. நகரத்துக்குச் சற்று வெளியே ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ நிலம் வாங்கி, வெள்ளாடோ செம்மறியோ வளர்த்து, ஹலாலான இறைச்சியைத் தம் கையாலேயே அறுத்து உண்ண வேண்டும், குர்பானிக்குரிய பிராணியைக் குட்டியிலிருந்து பேணி வளர்க்க வேண்டும் என்பதே அது. அந்நாட்டில் ஆட்டுக்கும் செம்மறிக்கும் உரிய பெருஞ்சந்தை டெக்ஸாஸின் சான் ஏஞ்சலோவில் கூடுகிறது. ரமளானும் ஹஜ்ஜுப் பெருநாளும் நெருங்கும்போது ஆட்டு விலை ஏறுவதை அங்குள்ள கிறிஸ்தவ விவசாயிகளே நாட்காட்டி வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்றால், நம்மவர்களின் தேவை எவ்வளவு என்பது விளங்கும். இவ்விருப்பத்தை நாம் மனமார வரவேற்கிறோம். ஆடு மேய்த்தல் நபிமார்களின் தொழில் அல்லவா!

ஆனால் நிலம் வாங்கிய முதல் ஆண்டிலேயே ஒரு விடியற்காலையில் குட்டி ஒன்று குறையும். பிறகு இன்னொன்று குறையும். கயோட்டி என்னும் விலங்கின் பெயர் அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறது. வந்த மறுநாளே, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. நம் மதரஸாவில் ஓதிச் சென்று இப்போது டெக்ஸாஸில் வாழும் ஒரு சகோதரர், மூன்று குட்டிகளைப் பறிகொடுத்த துயரத்தில் நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், இதைச் சுட்டுக் கொல்வது கூடுமா?" என்று கேட்டார். கூடும் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அக்கேள்விக்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் பல இருக்கின்றன. அவற்றைக் கேளாமல் துப்பாக்கியைத் தூக்குவது மார்க்கத்துக்கும் பொருந்தாது, ஆட்டையும் காப்பாற்றாது என்பதே நம் கருத்து.

முதலில் விலங்கை அறிவோம். கயோட்டி என்பது நம் ஊர்க் குள்ளநரிக்கு உறவுடையது. நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எடை பெரும்பாலும் பத்திலிருந்து இருபது கிலோ வரை. ஹவாய்த் தீவுகள் நீங்கலாக அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. எலி, முயல், பழம், செத்த பிராணி என எதையும் தின்னும். சனவரி முதல் மார்ச்சு வரை இணை சேர்ந்து, ஏறத்தாழ அறுபத்து மூன்று நாளில் குட்டி ஈனும். ஆணும் பெண்ணுமாகக் கூடி ஒரு பரப்பைத் தமக்கென வகுத்துக்கொண்டு, வேற்றுக் கயோட்டிகளை அதற்குள் விடாமல் காக்கும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப் போகும் பலவும் இதைச் சார்ந்தே நிற்கின்றன.

முதற்கேள்வி: ஆட்டைக் கொன்றது கயோட்டிதானா? செத்த ஆட்டின் அருகே ஒரு கயோட்டியைக் கண்டதும் அதுவே கொலையாளி என்று முடிவு கட்டிவிடுகிறோம். நோயால் செத்த குட்டியை அது தின்ன வந்திருக்கலாம். அனுபவமுள்ள ஆட்டுக்காரர்கள் செய்வது என்னவென்றால், செத்த ஆட்டின் கழுத்துத் தோலை உரித்துப் பார்ப்பார்கள். கயோட்டி வளர்ந்த ஆட்டைத் தாடைக்குக் கீழே, தொண்டையில் கவ்விக் கொல்லும். உயிரோடு இருக்கும்போது பல் பதிந்திருந்தால் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். செத்தபின் கடித்திருந்தால் அவ்வாறு இராது. தின்னும்போது பெரும்பாலும் விலாவுக்குப் பின்புறம் வயிற்றைக் கிழித்துத் தொடங்கும். இதற்கு மாறாக, பல ஆடுகள் ஒரே இரவில் குதறப்பட்டு, பின்தொடையும் காதும் கிழிந்து, தின்னப்படாமலே கிடந்தால், அது அக்கம்பக்கத்து வளர்ப்பு நாயின் வேலையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. காலடித் தடத்திலும் வேறுபாடு உண்டு: கயோட்டியின் தடம் ஒடுங்கி நீண்டு, ஒரு நேர்க்கோட்டில் செல்லும், நாயின் தடம் அகன்று, அங்குமிங்கும் அலையும். பக்கத்து வீட்டு நாயின் குற்றத்துக்காகக் காட்டுக் கயோட்டியைச் சுடுவதில் நீதி என்ன இருக்கிறது?

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். இஹ்ராம் கட்டியவரும் கொல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த ஐந்தில் கடிக்கும் நாயும் ஒன்று என்பது மதரஸாப் பிள்ளைகளும் அறிந்த ஹதீஸ். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் முவத்தாவில் இதை விளக்கும்போது, மனிதரைத் தாக்கி அச்சுறுத்தும் சிங்கம், ஓநாய் போன்றவற்றைக் கடிக்கும் நாயின் இனத்தில் சேர்த்தார்கள். கழுதைப்புலி, நரி, பூனை போன்று பாய்ந்து தாக்காதவற்றை இஹ்ராமில் கொல்லக் கூடாது என்று பிரித்தார்கள். கயோட்டியோ ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் நிற்கிறது! அது எந்தப் பக்கம் சேரும் என்பதை அதன் பெயர் முடிவு செய்யாது. அதன் செயலே முடிவு செய்யும். ஆட்டைக் கடித்தது ஓநாயோடு சேரும். வேலிக்கு அப்பால் எலி பிடித்துக்கொண்டிருப்பது நரியோடு சேரும். இது நம் கியாஸ். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.

ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில் தாக்க வருவதைத் தடுத்தல் என்று ஒரு பாடமே இருக்கிறது. மனிதனாயினும் விலங்காயினும், உயிருக்கோ பொருளுக்கோ தீங்கு செய்ய வருவதை இலேசான வழியால் தடுக்க வேண்டும். அது போதாவிட்டால் அதற்கு அடுத்த வழி. எதுவும் பயன்படாதபோதுதான் கொலை. சத்தத்தால் விரட்ட முடிந்ததைத் தடியால் அடிக்கக் கூடாது, தடியால் விரட்ட முடிந்ததை வாளால் வெட்டக் கூடாது என்ற அந்த ஒழுங்கை நாம் ஓதிக் கொடுக்கிறோம். பாடமாக ஓதியதைப் பட்டியில் கொண்டுபோய் வைக்க வேண்டாமா? வேலி இல்லை, இரவுக் கொட்டகை இல்லை, காவல் இல்லை, செத்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெட்டவெளியில் எறிந்து வைத்திருக்கிறோம். பிறகு கயோட்டி வந்துவிட்டது என்று அதைச் சுடுகிறோம். அழைத்தவர் நாமே.

நம்மவர்களிடம் ஒரு விந்தையான தயக்கத்தைக் காண்கிறோம். ஆயிரம் டாலர் கொடுத்துத் துப்பாக்கி வாங்கத் தயங்காத சகோதரர், காவல் நாய் என்றதும், "நஜிஸ் ஆயிற்றே, வீட்டில் மலக்குகள் வரமாட்டார்களே" என்று பின்வாங்குகிறார். நாயை வீணுக்கு வளர்ப்போரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்று எச்சரித்த அதே ஹதீஸ்தான் வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் வயல் காவலுக்கும் உரிய நாய்களை விலக்கி வைத்தது. விலக்கை விட்டுவிட்டு எச்சரிக்கையை மட்டும் மனனம் செய்திருக்கிறோம். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கும் வசனம் ஸூரத்துல் மாயிதாவில் இருக்கிறது; குகைவாசிகளின் நாயையோ அல்லாஹ் தன் வேதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறான். காவல் நாய் இருக்க வேண்டிய இடம் ஆட்டு மந்தை. வரவேற்பறையின் சோபா அன்று. ஷாஃபிஈ மத்ஹபினர் அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து கழுவிக்கொள்ளட்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் உமிழ்நீர்தான் நஜிஸ். வேலைக்கென ஓர் உடுப்பையும் ஒரு ஜோடிச் செருப்பையும் கொட்டகையிலேயே வைத்துவிட்டால் தொழுகைக்கு எந்த இடையூறும் இல்லை. கிரேட் பைரனீஸ் என்னும் வெள்ளை நாயும் அனட்டோலியன் ஷெப்பர்டும் அங்கே இப்பணிக்குப் பெயர் பெற்றவை. இரண்டாவதன் பூர்வீகம் துருக்கி. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் இடையர்களின் மந்தையைக் காத்த நாய் அது என்பதை நம் சகோதரர்கள் அறிந்தால் தயக்கம் சற்றுக் குறையும்.

நாய் வேண்டவே வேண்டாம் என்போருக்குக் கழுதை இருக்கிறது. நாய் இனத்தின்மேல் இயல்பான வெறுப்புடைய பெண் கழுதை ஒன்றை ஆடுகளோடு விட்டால், வரும் கயோட்டியைக் கத்தி விரட்டும், உதைக்கும். ஒன்று போதும், இரண்டு விட்டால் அவை தமக்குள் கூடிக்கொண்டு ஆடுகளை மறந்துவிடும் என்பது ஆட்டுக்காரர் அனுபவம். லாமாவையும் சிலர் வளர்க்கிறார்கள். வேலியைப் பொறுத்தவரை, கயோட்டி தாண்டுவதைவிடத் தோண்டி நுழைவதே மிகுதி. ஆகவே அடிப்பகுதியில் மின்கம்பி ஓட வேண்டும், வலை மண்ணோடு ஒட்டி நிற்க வேண்டும். குட்டி ஈனும் காலத்தில் தாயையும் குட்டியையும் இரவில் கொட்டகையில் அடைப்பதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டம் 2000ஆம் ஆண்டில், கயோட்டிகளைக் கொல்லும் கூட்டாட்சித் துறையின் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, அப்பணத்தை வேலிக்கும் காவல் நாய்க்கும் ஆட்டுக்காரர்களுக்கே கொடுக்கத் தொடங்கியது. அது முழு வெற்றியா என்பதில் அங்கே வாதம் ஓயவில்லை. தம் நிலத்தில் சிலர் சுட்டுக்கொண்டும்தான் இருந்தார்கள் என்று எதிர்த்தரப்பினர் சொல்கிறார்கள். சொல்லட்டும். பொதுப்பணம் முதலில் வேலிக்குப் போக வேண்டும் என்ற அந்த வரிசை நமக்குச் சரியாகவே படுகிறது.

எல்லாவற்றையும் கொன்று தீர்த்துவிட்டால் தொல்லை ஒழியாதா என்று கேட்பீர்கள். அமெரிக்கா அதைத்தான் நூறாண்டாகச் செய்து பார்க்கிறது. கூட்டாட்சி அரசின் வனவிலங்குச் சேவைத் துறை 2021ஆம் ஆண்டில் மட்டும் கொன்ற கயோட்டிகள் ஏறத்தாழ 64,000. தனியார் கொல்வது இதில் சேராது. நஞ்சும் வைத்துப் பார்த்தார்கள். கழுகும் நாயும் சேர்ந்து மடிந்ததால், 1972இல் அதிபர் நிக்சன் கூட்டாட்சி நிலங்களில் அந்நஞ்சுகளுக்குத் தடை விதித்தார். கயோட்டி குறைந்ததா? இல்லை, முன்பு இல்லாத கிழக்கு மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. 1975இல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாவில் கணக்கிட்டபோது, ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு எழுபத்தைந்து கயோட்டிகளைக் கொன்றாலன்றி இனம் தேயாது என்று கண்டார்கள். இரை மிஞ்சும்போது குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கின்றன. வெற்றிடத்தை வெளியிலிருந்து வரும் இளங்கயோட்டிகள் நிரப்புகின்றன.

அதே மாநிலத்தின் ஹாப்லண்ட் ஆய்வுப் பண்ணையில் கண்ட இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. செம்மறிகளைக் கொன்றவை பெரும்பாலும் குட்டிகளுக்கு ஊட்ட வேண்டியிருந்த இணைகளே. அப்பரப்பை ஆளும் இணையை அகற்றியபோது இழப்பு சில காலம் குறைந்தது. கண்டதையெல்லாம் கொன்றபோது அவ்வாறு குறையவில்லை. முன்னர் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் வேலியோரத்தில் ஆட்டைத் தொடாமல் எலி தின்று வாழும் இணை ஒன்று இருக்குமானால், அது சம்பளமில்லாக் காவலாளி. அதைச் சுட்டுவிட்டு, ஆட்டின் சுவை அறிந்த அன்னியன் வருவதற்கு வழி திறந்து விடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு குறிப்பிட்ட கயோட்டி மீண்டும் மீண்டும் பட்டிக்கு வந்து கொல்கிறது என்றால், அதைச் சுடுவதில் குற்றமில்லை என்பது மட்டுமல்ல, ஆட்டின்மேல் நமக்குள்ள பொறுப்பு அதைக் கோருகிறது. அமெரிக்க வனவிலங்கு நேசர்களில் சிலர் சொல்வதுபோல் எந்நிலையிலும் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொண்டை கிழிந்து துடிக்கும் குட்டியும் ஓர் உயிர்தான்.

சுடத் தொடங்குவோர் சட்டத்திலிருந்து தொடங்கட்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்ஸாஸில் கயோட்டி வேட்டைக்குப் பருவத் தடை இல்லை. கால்நடையைத் தாக்கும், தாக்கப் போகும், அல்லது அண்மையில் தாக்கிய கயோட்டியைச் சுட உரிமமும் வேண்டியதில்லை. மற்றபடி வேட்டை உரிமம் வேண்டும். 1971 செப்டம்பர் 2ஆம் நாளோ அதற்குப் பின்னோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். உரிமம் தேவைப்படாவிடினும் அப்பயிற்சியை எல்லாரும் பெறுவதே அறிவுடைமை. நம்மவர்களில் பலர் அறியாத ஒன்று: எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, செல்லத்தக்க வேட்டை உரிமம் உடையோர்க்கு விதிவிலக்கு உண்டு. நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்னரே வழக்கறிஞர் ஒருவரிடம் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு கயோட்டிக்காகக் குடும்பத்தின் குடியுரிமைக் கனவை இழக்க வேண்டுமா?

அடுத்தது அடையாளம். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் அழிவின் விளிம்பில் நிற்கும் செவ்வோநாய், கயோட்டியைப் போலவே தோன்றும். அதனாலேயே 2014இல் அங்கே ஐந்து மாவட்டங்களில் கயோட்டி வேட்டையை நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. அரிசோனாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் மெக்ஸிகோ ஓநாய் இருக்கிறது. ஐயம் இருக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்குக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இருக்க வேண்டும். அடிவானத்தில் நிற்பதைச் சுட்டால் அத்தோட்டா யார் வீட்டில் போய் விழும் என்று யார் அறிவார்? அண்டை நிலத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விடியலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு அவர் காவல்துறையை அழைப்பதைவிட, முந்திய நாள் மாலையில் ஒரு தட்டு பிரியாணியோடு போய்ச் சொல்வது மேல்.

வேட்டைக்காரர்கள் முயலின் அலறலைப் போன்ற ஒலியை எழுப்பிக் கயோட்டியை வரவழைப்பார்கள். அது நேராக வராது. சுற்றி வந்து காற்றின் கீழ்த்திசையில் நின்று மோப்பம் பிடிக்கும். எனவே காற்று முகத்தில் படும்படி, நிழலில், அசையாமல் அமர வேண்டும். விடியலும் அந்தியும் ஏற்ற நேரங்கள். ஓரிடத்தில் பதினைந்து இருபது நிமிடம் போதும். .223 அளவு ரைஃபிள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. தொடங்குபவர் முதலில் பல வாரங்கள் காகித இலக்கில் பழக வேண்டும். கொல்வதானாலும் அழகிய முறையில் கொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்க, பாதி குறி பார்த்து, தாடை சிதறிய விலங்கைப் புதருக்குள் சாகவிடுவது எப்படித் தகும்? காயம்பட்டதைத் தேடிக் கண்டு முடிப்பது சுட்டவரின் கடமை.

சிலவற்றை அறவே தவிருங்கள். நஞ்சு வைக்காதீர்கள், அது யாரைக் கொல்லும் என்று தெரியாது. அந்நாட்டில் வளைக்குள் புகைக்குண்டு வைத்துக் குட்டிகளை மூச்சடைத்துக் கொல்லும் முறையும் உண்டு. எறும்புப் புற்று எரிக்கப்பட்டதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஓதியவர் அதன் பக்கம் போகமாட்டார். யார் அதிகம் கொல்கிறார் என்று பரிசு வைத்துப் போட்டி நடத்துவதும் சில ஊர்களில் வழக்கம். கலிஃபோர்னியா 2014இல் அப்பரிசுகளைத் தடை செய்தது. வெர்மாண்ட், நியூ மெக்ஸிகோ முதலிய மாநிலங்களும் பிறகு தடை செய்தன. உயிருள்ளதை விளையாட்டு இலக்காக்குவோரை நபி (ஸல்) அவர்கள் சபித்தது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன். சட்டம் அனுமதிக்கும் மாநிலத்தில் வாழ்ந்தாலும் நம் பிள்ளைகள் அப்போட்டிகளில் காலெடுத்து வைக்கலாகாது. கோரைப்பல் விலங்காகையால் இறைச்சி ஹராம். கொடிய விலங்குகளின் தோலைப் பயன்படுத்துவதற்கும் ஹதீஸில் தடை வந்திருப்பதால், தோலை உரித்துச் சுவரில் மாட்டும் ஆசையும் வேண்டாம்.

நிலம் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்குக் காலக்கணக்கு ஒன்று. காவல் நாய்க்குட்டியை ஏறத்தாழ எட்டு வார வயதிலேயே ஆடுகளோடு விட்டுப் பழக்க வேண்டும். அது முழுக் காவலாளியாக முதிர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை விளையாட்டுப் போக்கில் குட்டிகளைத் துரத்தவும் செய்யும். ஆகவே ஆடு வாங்கும் ஆண்டிலேயே நாய்க்குட்டியையும் வாங்குங்கள். அது வளரும்வரை கழுதையும் மின்வேலியும் இரவுக் கொட்டகையும் காக்கட்டும். முதல் ஈற்றுக்கு முன்னே கொட்டகைக்குக் கதவு போட்டுவிடுங்கள்.